உடம்பு எதை எதிர்க்கும், எதை விட்டுவிடும்?

கேள்வி இதுதான். குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ப் பெண் கேட்டிருக்கிறார்: "பிறந்ததிலிருந்து இறாலும் நண்டும் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். கல்யாணத்துக்கு முன்பு இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தேன். கொஞ்ச நாளாக இறால் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப் போகிறது. சாளை, அயிலை மீன் எல்லாம் ஒத்துக்கொள்கிறது. என் தங்கச்சி அதே சட்டியில் சாப்பிடுகிறாள், அவளுக்கு ஒன்றுமில்லை. அம்மா 'இறால் கரப்பான்' என்கிறார், டாக்டர் 'அலர்ஜி' என்கிறார். எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று உடம்பு எப்படித்தான் முடிவு செய்கிறது? தங்கச்சி குழந்தைக்கு ஏழு மாதம். அதற்கு இறால் காட்டலாமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளை மட்டும் தனியாகப் பார்த்து முடிவு செய்வதில்லை. அது எந்த வழியாக உள்ளே வந்தது, அதனுடன் வேறு என்ன சேர்ந்து வந்தது, வந்த இடத்தில் ஏதாவது சேதம் இருந்ததா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் முடிவு செய்கிறது. உங்கள் இறால் விஷயத்தில் இறாலின் மேல் குற்றம் குறைவு. அது உங்கள் உடம்புக்கு அறிமுகமான விதத்தின் மேல்தான் சந்தேகம்.

பள்ளியில் நமக்குச் சொல்லித்தருவது வேறு மாதிரி இருக்கும். களியக்காவிளை செக்போஸ்ட்டில் நிற்கும் போலீஸ்காரர் போல, உடம்பு ஒவ்வொன்றையும் நிறுத்தி "நம்ம ஆளா, வெளியாளா" என்று கேட்கிறது, வெளியாள் என்றால் அடிக்கிறது என்று படித்திருப்போம். இந்தக் கருத்துக்கு ஒரு பெரிய மனிதரின் பெயர் உண்டு. ஆஸ்திரேலியாவின் பிராங்க் மெக்ஃபார்லேன் பர்னெட். தன்னுடையது எது என்பது உடம்புக்குப் பரம்பரையாகவே தெரிந்திருப்பதில்லை, கருவில் வளரும்போது கற்றுக்கொள்கிறது என்றார். பீட்டர் மெடாவரின் சோதனைகள் அதை நிரூபித்தன. இருவருக்கும் 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கருத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆனால் அது முழு உண்மையானால் நாம் ஒரு நாள்கூட சாப்பிட முடியாது. மரச்சீனியும் மீன்கறியும் வெளியாள்தான். குடலுக்குள் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன, நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கையே ஏறத்தாழ 30 லட்சம் கோடிதான். அவற்றில் ஒன்றுகூட நம்முடையதில்லை. கர்ப்பத்தில் இருக்கும் குழந்தை பாதி அப்பாவுடையது, தாயின் உடம்பைப் பொறுத்தவரை பாதி வெளியாள். பத்து மாதம் அதை யாரும் தொடுவதில்லை. அதே சமயம், சொந்தச் செல் புற்றுநோயாக மாறினால் அதைக் கொல்ல டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் போகின்றன. ஆக, சொந்தமா அந்நியமா என்ற ஒற்றைக் கேள்வியால் வேலை நடக்கவில்லை.

தடுப்பூசி தயாரிப்பவர்களுக்கு இது எப்போதோ தெரியும். ஒரு புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து ஊசியில் போட்டால் பெரும்பாலும் உடம்பு கண்டுகொள்ளாது. நூறு சதவீதம் அந்நியப் பொருள்தான், ஆனாலும் பதில் வராது. அதோடு கொஞ்சம் அலுமினிய உப்போ, செத்த பாக்டீரியாவின் துணுக்குகளோ கலந்தால்தான் உடம்பு விழித்துக்கொள்ளும். 1920-களிலிருந்து அலுமினிய உப்பு தடுப்பூசிகளில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு, ஐந்தடுப்பு ஊசிகளில் இன்றும் இருக்கிறது. ஏன் இந்தக் கலப்படம் தேவைப்படுகிறது என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. 1989-ல் அமெரிக்காவின் சார்லஸ் ஜேன்வே கேட்டார். அந்நியம் என்பது மட்டும் போதாது, கிருமிகளுக்கே உரிய சில அடையாளங்களைப் பிறவியிலேயே தெரிந்துவைத்திருக்கும் கருவிகள் நம் செல்களில் இருக்கவேண்டும், அவை "ஆம், இது கிருமிதான்" என்று சொன்னால்தான் மற்றவை இயங்கும் என்று ஊகித்தார். அப்போது கையில் ஆதாரம் இல்லை.

ஆதாரம் பழ ஈயிலிருந்து வந்தது. 1996-ல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, டோல் என்ற மரபணு கெட்டுப்போன ஈக்கள் பூஞ்சை பிடித்துச் சாவதைக் கண்டது. அடுத்த ஆண்டே ஜேன்வேயும் மெட்ஷிட்டோவும் மனிதனிடம் அதன் உறவுக்காரனைக் கண்டுபிடித்தார்கள். 1998-ல் புரூஸ் பாய்ட்லர், சில பாக்டீரியாக்களின் மேல்தோலில் இருக்கும் ஒரு கொழுப்புச்சர்க்கரையைப் பிடிக்கும் கருவி அந்தக் குடும்பத்தின் நான்காவது உறுப்பினர் என்று காட்டினார். அவர் ஆராய்ந்த எலிகளில் அந்தக் கருவி பழுது. நஞ்சான அந்தக் கொழுப்புச்சர்க்கரையை ஏராளமாகக் கொடுத்தாலும் எலிக்குக் காய்ச்சல்கூட வராது. அதிர்ஷ்டம் என்று நினைப்போம். ஆனால் அந்த வகை பாக்டீரியா உயிரோடு உள்ளே போனால் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் செத்துப்போகும். காய்ச்சல் என்ற தொந்தரவு இல்லாதவனுக்குக் கிருமி வந்ததே தெரியவில்லை.

இப்படி நம்மிடம் பத்து டோல் கருவிகள் இருக்கின்றன. ஒன்று பாக்டீரியாவின் வாலைப் பிடிக்கும், ஒன்று வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும். இவை தேர்ந்தெடுக்கும் அடையாளங்கள் எல்லாம் கிருமியால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாதவை. வாலை மாற்றினால் நீந்த முடியாது, சுவரை மாற்றினால் உடைந்துபோகும். கொரோனா காலத்து எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிகள் இந்த இடத்தில்தான் தப்பிப் பிழைத்தன. சாதாரண ஆர்.என்.ஏ.வை உள்ளே செலுத்தினால் செல் வைரஸ் என்று அலறிவிடும். அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றை லேசாக மாற்றினால் அலறல் அடங்குகிறது என்று 2005-ல் கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் காட்டினார்கள். 2023 நோபல் அதற்குத்தான். ஒரு எழுத்து மாறினால் ஆபத்து ஆபத்தில்லாமல் போகிறது. முடிவு எவ்வளவு சின்ன விஷயத்தில் தொங்குகிறது பாருங்கள்.

இதே தந்திரத்தை ஒரு கிருமி மனிதனுக்கு வெகுகாலம் முன்பே கற்றுவைத்திருக்கிறது, அதற்கு நம் ஊரோடு ஒரு தொடர்பும் உண்டு. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தார். அந்தக் காலத்துத் தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் மிக அதிகம், அவர் செய்த அறுவைகளில் பெரும்பங்கு அதற்குத்தான். சாப்பாட்டையும் காரத்தையும் குறை சொன்ன காலம் அது. 1982-ல் மார்ஷலும் வாரனும் வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தப் புண்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரிந்தது. சிறுவயதில் வயிற்றில் குடியேறினால் ஆயுள் முழுக்க இருக்கும். எதிர்ப்பு மண்டலம் என்ன செய்துகொண்டிருந்தது? அந்த பாக்டீரியாவின் வால் புரதத்தில், டோல் கருவி பிடிக்கும் இடம் மாறியிருக்கிறது. நீந்தும் திறனும் கெடவில்லை, ஏனென்றால் அந்த மாற்றத்தை ஈடுகட்ட வேறு இடங்களிலும் மாறியிருக்கிறது. அதன் மேல்தோல் கொழுப்புச்சர்க்கரையும் சாதுவானது. வயிற்றில் அழற்சி உண்டு, ஆனால் விரட்டும் அளவுக்குப் பதில் வருவதில்லை.

சரி, அடையாளம் பிடித்தாயிற்று. அப்புறம் என்ன நடக்கிறது? இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் உண்மையான முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது.

கடற்கரையில் செருப்பில்லாமல் நடக்கும்போது பாதத்தில் மீன்முள் ஏறுகிறது என்று வையுங்கள். முள் குத்திய இடத்தில் செல்கள் கிழிகின்றன. உயிருள்ள செல்லின் உள்ளே மட்டும் இருக்கவேண்டிய ஏ.டி.பி, யூரிக் அமிலம் போன்றவை வெளியே கொட்டுகின்றன. முள்ளோடு பாக்டீரியாவும் போகிறது. சில மணி நேரத்தில் இடம் சிவந்து, சூடாகி, வலிக்கிறது. அங்கே தோலுக்கடியில் கைகால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு வகைச் செல் உண்டு, டென்ட்ரிட்டிக் செல். ரால்ஃப் ஸ்டைன்மன் 1973-ல் கண்டு சொன்னது. (2011-ல் ஹாஃப்மன், பாய்ட்லருடன் அவருக்கும் நோபல் அறிவித்தார்கள். அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு அவர் இறந்துபோயிருந்தது பரிசுக்குழுவுக்குத் தெரியாது.) இந்தச் செல் எப்போதும் சுற்றுப்புறத்தை ருசி பார்த்துக்கொண்டேயிருக்கும். அமைதியான நாளில் ருசித்ததை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய் டி செல்லிடம் காட்டினால், "இது பரவாயில்லை, விட்டுவிடு" என்று பொருள். முள் குத்திய நாளில் அதே செல் வேறு ஆள். தன் மேல்பரப்பில் பி7 என்ற புரதத்தை ஏராளமாக வளர்த்துக்கொண்டு போகும். பாக்டீரியாவின் துணுக்கு ஒரு கையில், பி7 மறு கையில். டி செல்லுக்கு இரண்டும் வேண்டும். துணுக்கு மட்டும் கிடைத்தால் அந்த டி செல் செயலிழந்து போகும், அல்லது செத்துப்போகும். இரண்டும் கிடைத்தால் பெருகத் தொடங்கும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இந்தப் பெருக்கம்தான். காலில் புண், ஆனால் வீக்கம் இடுக்கில். "முள்ளை எடுத்தாச்சு, பின்ன ஏன் நெறி கட்டுது?" என்று கேட்காத வீடு கிடையாது. முடிவு எடுக்கிற நிணநீர்க் கணு அங்கே இருப்பதால்தான். குறிப்பிட்ட ஒரு துணுக்கைப் பிடிக்கக்கூடிய டி செல் லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அது தேடி வந்து, சந்தித்து, பெருகி முடிய ஒரு வாரம் ஆகிறது.

அந்த டி செல்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பர்னெட்டின் பாதி உண்மை அங்கே இருக்கிறது. டி செல், எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) சுரக்கும் பி செல் இரண்டும் தங்கள் கொக்கிகளை மரபணுத் துண்டுகளைக் கலைத்துப்போட்டு குருட்டாம்போக்கில் செய்துகொள்கின்றன. பி செல்லில் இதைக் காட்டிய சுசுமு டொனெகாவாவுக்கு 1987-ல் நோபல். குருட்டாம்போக்கு என்பதால் சொந்த இதயத்தை, சொந்தக் கணையத்தைப் பிடிக்கும் கொக்கியும் உருவாகும். அவற்றைக் கழிக்க நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு உறுப்பு. சிறுவயதில் பெரியது, பருவம் தாண்டியதும் சுருங்கிவிடும். அங்கே ஏர் என்ற மரபணுவின் உதவியால் கணையத்தின் இன்சுலின் முதல் கண், தோல் புரதங்கள் வரை காட்டப்படுகின்றன. எதையாவது இறுகப் பிடிக்கிற டி செல் அங்கேயே சாகிறது. எதையுமே பிடிக்கத் தெரியாததும் சாகிறது. உள்ளே போனதில் நூற்றுக்கு ஐந்துகூட உயிரோடு வெளியே வருவதில்லை.

அப்படியும் சில தப்பி வந்துவிடும். அவற்றை வெளியில் அடக்கிவைக்க ஒரு தனி டி செல் படை இருப்பதை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் காட்டினார். அந்தக் காலத்தில் அடக்கும் டி செல் என்றாலே ஆய்வுலகம் முகத்தைச் சுளிக்கும், முன்பு செய்த ஆராய்ச்சிகள் அப்படிப் பேர் கெட்டிருந்தன. 2001-ல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் அதற்கான ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டார்கள். அது பழுதான ஆண் குழந்தைகள் பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய், வயிற்றோட்டம், தோல் அழற்சி என்று சொந்த உடம்பாலேயே தாக்கப்படுகிறார்கள். மூவருக்கும் 2025 நோபல் கிடைத்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சும்மா இருப்பது என்பது உடம்புக்குத் தானாக வரும் நிலை கிடையாது. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கும், குடல் பாக்டீரியாவுக்கும், சொந்தச் சதைக்கும் எதிராகச் சும்மா இருப்பதற்கு ஒரு படை வேலை செய்துகொண்டிருக்கிறது.

கிருமியே இல்லாமல் சேதம் மட்டும் இருந்தாலும் உடம்பு கிளம்பும் என்று பாலி மாட்ஸிங்கர் 1994-ல் வாதாடினார். ஜேன்வேயும் அவரும் வெகுகாலம் மோதிக்கொண்டார்கள். இப்போது இரண்டும் நடக்கிறது என்பதே நிலைமை. கவரிங் கம்மல் போட்டுக் காது புண்ணாகும் பெண்களைப் பாருங்கள். அதிலிருக்கும் நிக்கல், மனிதனின் அந்த நான்காம் டோல் கருவியிலேயே நேராக ஒட்டிக்கொண்டு பாக்டீரியா வந்தது போலப் பொய்க்குறி கொடுக்கிறது. எலியின் கருவியில் ஒட்டாது.

கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை செய்தவர்களுக்கு வேறொரு உதாரணம் தெரியும். அண்டியின் தோட்டில் இருக்கும் எண்ணெய் யார் கையில் பட்டாலும் பொள்ளும். அதற்காகத்தான் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருவார்கள். அது வெறும் காயம், எதிர்ப்பு மண்டலத்தின் முடிவு எதுவும் அதில் இல்லை. ஆனால் சிலருக்கு மட்டும், சில காலம் வேலை செய்த பிறகு, துளி பட்டாலே ஓரிரு நாள் கழித்து கை, முகம், கழுத்து என்று அரிப்பும் கொப்புளமுமாகப் பரவும். அந்த எண்ணெய் மூலக்கூறு டி செல் பார்க்க முடியாத அளவு சின்னது. அது தோலின் சொந்தப் புரதத்தில் ஒட்டி, அதன் முகத்தை மாற்றிவிடுகிறது. தோல் பொள்ளியிருப்பதால் சேதக்குறியும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததும் டி செல் "இது புதியது, ஆபத்தானது" என்று எழுதிவைத்துவிடுகிறது. மாவும் அண்டியின் குடும்பம்தான், அதனால் இவர்களில் சிலருக்கு மாங்காய்ப் பால் பட்டாலும் இதே கதை.

இதுவரை சொன்னது பதில் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு. அடுத்த முடிவு, எந்த மாதிரிப் பதில் என்பது. செல்லுக்குள் ஒளியும் கிருமிக்கு ஒரு வகை, புழுவுக்கு ஒரு வகை, தோலிலும் குடலிலும் தொற்றும் பூஞ்சைக்கு ஒரு வகை. ஆள் சரி, வகை தவறு என்றால் என்ன ஆகும் என்பதற்குத் தொழுநோயைவிடத் தெளிவான சாட்சி இல்லை. ஒரே பாக்டீரியா. ஒருவரின் உடம்பு செல்களைக் கொண்டு தாக்கும் வகையைத் தேர்ந்தெடுக்கிறது, அவருக்கு உணர்வற்ற ஒன்றிரண்டு தேமல், அதில் கிருமியைத் தேடினாலும் கிடைக்காது. இன்னொருவரின் உடம்பு எதிர்ப்புரதங்களை அள்ளிச் சுரக்கும் வகையைத் தேர்ந்தெடுக்கிறது. செல்லுக்குள் இருக்கும் பாக்டீரியாவை எதிர்ப்புரதம் தொட முடியாது, முகமும் காதும் தடித்து உடம்பு முழுக்கக் கோடிக்கணக்கில் கிருமி. பதில் பலமாகத்தான் இருக்கிறது, பயன்தான் இல்லை. யானைக்கால் புழு இன்னொரு பக்கம். ரத்தத்தில் குஞ்சுப்புழுக்கள் நிறைய இருந்தும் கால் வீங்காமல் நடமாடுகிறவர்களின் உடம்பில், அடக்கும் டி செல்களைப் புழு தன் பக்கம் திருப்பிவைத்திருக்கும். கால் வீங்கியவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுப்புழு இருக்காது.

இப்போது உங்கள் இறால். உங்கள் உடம்பு அதற்குக் கொடுப்பது புழுவுக்கான பதில். ஐ.ஜி.இ என்ற எதிர்ப்புரதம் தோலிலும் வாயிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இறாலின் தசையில் இருக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் வந்து இரண்டைச் சேர்த்துப் பிடித்ததும் அந்தச் செல் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. உதடு வீக்கம், தடிப்பு, அரிப்பு எல்லாம் அதுதான். வேகவைத்தாலும் இந்தப் புரதம் சிதையாது. நண்டு, சிங்கி இறாலிலும் ஏறத்தாழ இதே புரதம்தான், ஆகவே அவற்றையும் நீங்கள் இப்போதைக்கு விட்டுவிடுவது நல்லது. கணவாய், சிப்பியில் கொஞ்சம் வேறுபட்டது, சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு இல்லை. மீனில் அலர்ஜி தருவது பார்வால்புமின் என்ற வேறு புரதம். சாளையும் அயிலையும் உங்களை ஒன்றும் செய்யாததன் காரணம் இதுதான்.

இத்தனை வருஷம் சும்மா இருந்த உடம்பு ஏன் மாறியது? வாய் வழியாகப் போகும் உணவுக்குக் குடல் பொதுவாக அடக்கும் டி செல்களை உருவாக்கும். அது பரிச்சயத்தின் வழி. தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ, அதுவும் கிழிந்த தோல் வழியாக அதே புரதம் போனால், காயப்பட்ட தோல்செல்கள் விடும் குறிகள் டென்ட்ரிட்டிக் செல்லைப் புழுவுக்கான பதிலின் பக்கம் திருப்பிவிடுகின்றன. ஜப்பானில் இது ஊரறிய நடந்தது. கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்த ஒரு முகச்சோப்பு 2010 வாக்கில் பிரபலமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டவர்கள், தினமும் அதில் முகம் கழுவிய பிறகு கோதுமை சாப்பிட்டால் மயங்கி விழும் நிலைக்கு வந்தார்கள். 2,000-க்கு மேற்பட்டோர். வாய் கற்றுக்கொடுத்த பாடத்தைத் தோல் அழித்து எழுதிவிட்டது.

உரிக்கிற ஷெட்டில் என்ன நிலைமை என்று உங்களுக்கே தெரியும். ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறிய விரல், நகத்தோரம் வெடிப்பு, இறால் தலையின் முள் குத்திய சின்னச் சின்னக் கீறல், அதன் மேல் இறால் சாறு. கடல் உணவுத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்குத் தோல் அழற்சியும், வேகும் ஆவியை மூச்சில் இழுப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் வருவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு, அதுவும் நம் ஊருக்குப் பொருத்தம். மெத்தை தலையணையில் வாழும் தூசிப்பூச்சிக்கு ஈரக்காற்று சொர்க்கம், நம் கடலோரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அந்தப் பூச்சியின் ட்ரோபோமயோசின் இறாலுடையதைப் போலவே இருக்கும். கரப்பான்பூச்சியுடையதும் அப்படியே. மதக் கட்டுப்பாட்டால் வாழ்நாளில் இறாலைத் தொட்டே பார்க்காத யூதர்களை 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்தார்கள். தூசிப்பூச்சி அலர்ஜி இருந்தவர்கள் சிலரின் ரத்தத்தில் இறால் புரதத்தைப் பிடிக்கும் ஐ.ஜி.இ இருந்தது. சாப்பிடாத உணவுக்கு எதிர்ப்பு! உங்களுக்குக் காலையில் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு உண்டென்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

தங்கச்சிக்கு ஏன் வரவில்லை? அவர் ஷெட்டுக்குப் போனாரா என்பது ஒன்று. ஒரே தாய் வயிற்றில் பிறந்தாலும், டி செல்லுக்குத் துணுக்கைக் காட்டும் எச்.எல்.ஏ மரபணுக்கள் இரண்டு பேருக்கும் முழுசாக ஒத்துப்போக நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். தோலை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் மரபணு பழுதாக இருப்பவர்களுக்குத் தோல் வழி எளிதில் திறந்துகொள்ளும், அதையும் ஒருவர் பெற்று மற்றவர் பெறாமல் போகலாம். கொக்கிகளைக் கலைத்துப்போடும் ஆட்டத்தில் இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒரே சீட்டு விழுவதில்லை.

குலசேகரம், அருமனை பக்கத்து வாசகர்களுக்காக ஒரு கிளைச்செய்தி. நம் மாவட்டத்தில் ரப்பர் கன்று சின்னதாக இருக்கும்போது இடையில் வாழை வைப்பார்கள். இவை இரண்டும் எதிர்ப்பு மண்டலத்திலும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ரப்பர் பாலில் ஹெவின் என்ற புரதம், பூஞ்சையிடமிருந்து மரத்தைக் காப்பது. வாழைப்பழத்திலும் அதன் சாயலில் ஒரு புரதம் உண்டு. ரப்பர் கையுறையால் அலர்ஜி வந்த நர்சுகளில் சிலருக்கு வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கும். பவுடர் தூவிய கையுறை இதில் மோசம், பவுடர் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறக்கும். அமெரிக்காவில் 2017 முதல் அதற்குத் தடை. நர்சிங் படித்த பிள்ளை இல்லாத தெரு நம் மாவட்டத்தில் குறைவு, அதனால் சொன்னேன்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. முதலில், நடந்தது இறாலால்தானா என்று உறுதி செய்யுங்கள். ஐஸ் போடாமல் கிடந்த சூரையிலும் அயிலையிலும் பாக்டீரியாக்களே ஹிஸ்டமினை உண்டாக்கிவைத்துவிடும். கொதித்தாலும் போகாது. சாப்பிட்டால் முகம் சிவந்து, தடித்து, அச்சு அசல் அலர்ஜி போலவே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், அது அந்தச் சட்டியில் சாப்பிட்ட பலரையும் பிடிக்கும், அடுத்த தடவை நல்ல மீன் சாப்பிட்டால் வராது. உங்களுக்கு ஒவ்வொரு முறையும் இறாலுக்கு மட்டும், உங்களுக்கு மட்டும் வருகிறது, அதனால் டாக்டர் சொன்னதே சரியாக இருக்கும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ ஐ.ஜி.இ ரத்தப் பரிசோதனையோ செய்வார்கள். நூறு பொருளின் பட்டியலுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்பார்கள், அதில் பணத்தைக் கொட்டாதீர்கள். ரத்தத்தில் ஐ.ஜி.இ இருந்தும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதவர்கள் ஏராளம். அந்தத் தாளைப் பார்த்து முட்டை, பால், கடலை எல்லாவற்றையும் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எதனால் உங்களுக்கு நிஜமாகவே தொந்தரவு வந்ததோ அதை மட்டும் சோதிப்பதே முறை.

"கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழக்குகிறேன்" என்று வீட்டில் முயற்சி வேண்டாம். உதடு வீங்கும் அளவுக்கு வந்தவருக்கு அடுத்த முறை தொண்டை அடைக்கலாம். மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், தலை சுற்றினால், செட்ரிசின் மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அதற்கான மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி, உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் மற்றவர்களுக்கு இறால் வேகும்போது அடுப்படியில் நிற்காதீர்கள், ஆவியிலும் அந்தப் புரதம் வரும். உரிக்கும் வேலையைத் தங்கச்சியிடம் விட்டுவிடுங்கள், அவர் கையுறை போட்டுக்கொண்டு உரிக்கட்டும்.

குழந்தை விஷயம். ஒவ்வாமை வரும் என்று பயந்து உணவைத் தள்ளிப்போடச் சொன்ன காலம் போய்விட்டது. 2015-ல் லண்டனில் முடிந்த ஆய்வு ஒன்றில், எக்சிமா என்ற தோல் அழற்சி கடுமையாகவோ, முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளில் பாதிப்பேருக்கு வேர்க்கடலையை ஐந்து வயது வரை தவிர்த்தார்கள், பாதிப்பேருக்கு வாரந்தோறும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களிடம் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவு. தோல் முந்திக்கொள்ளும் முன் வாய் முந்திக்கொண்டது என்பதே விளக்கம். முட்டைக்கும் இதே திசையில் முடிவுகள் வந்திருக்கின்றன. ஆக, பெரியம்மாவுக்கு அலர்ஜி என்பதற்காகக் குழந்தைக்கு மீனையோ இறாலையோ மூன்று வயது வரை மூடிவைக்க வேண்டியதில்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது, முதலில் முள் நீக்கி மசித்த மீன், அது ஒத்துக்கொண்டபின் காரமில்லாமல் நன்றாக வேகவைத்து அரைத்த இறால், பகல் நேரத்தில், நகக்கண் அளவில் ஆரம்பிக்கலாம். முழு இறாலைக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். குழந்தையின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சொரசொரப்பான, அரிக்கும் படை இருந்தால் மட்டும் வரிசை மாறும். முதலில் குழந்தை டாக்டரைப் பார்த்து அந்தத் தோலைச் சரிசெய்யுங்கள். அதற்குக் களிம்பு தடவும் முன், இறாலோ கடலையோ தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.